பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாவது நொதித்தல்

வீட்டில் காய்ச்சிய பீரைப் பாட்டிலில் அடைத்த நாலாம் நாள் ராத்திரி, பொறுக்க முடியாமல் ஒன்றைத் திறந்துவிட்டேன். மூடியை நெம்பியதும் 'உஸ்' என்று ஒரு சின்ன மூச்சு, அவ்வளவுதான். கிளாஸில் ஊற்றினேன், நுரை கட்டவில்லை. ஓரத்தில் நாலைந்து குமிழிகள் நின்று மறைந்தன. குடித்துப் பார்த்தால் லேசான தித்திப்பு, பச்சை ஆப்பிளைக் கடித்தது போல ஒரு வாசம், மற்றபடி சப்பென்று இருந்தது. இரண்டு வாரம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துச் செய்தது இப்படி ஆகிவிட்டதே என்று மனசு விட்டுப்போனது. மீதி நாற்பத்தொரு பாட்டிலையும் கொட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கொட்டாமல் விட்டது நல்லதாயிற்று. மூன்றாம் வாரம் திறந்த பாட்டிலில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை நின்றது. அடியிலிருந்து குமிழிகள் சரம் சரமாக மேலே ஏறின. தித்திப்பும் இல்லை, ஆப்பிள் வாசமும் இல்லை. இரண்டும் ஒரே வாளியிலிருந்து, ஒரே நாளில், அரைமணி நேர இடைவெளியில் அடைத்தவை. நடுவில் நான் எதுவுமே செய்யவில்லை. வேலையெல்லாம் பாட்டிலுக்குள் ஈஸ்ட் செய்தது. அந்த மூன்று வாரத்தில் உள்ளே என்ன நடக்கிறது, அது சரியாக நடக்க நாம் முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். இங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது சர்வ சாதாரணம். 1963 வரை அதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. அந்த வருட பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். அமெரிக்காவில் 1978 இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகுதான் வீட்டுப் பீருக்குக் கூட்டரசு அளவில் அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் அடிப்படை. மால்ட் செய்த, அதாவது முளைகட்டி உலர்த்திய, பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுக்கிறோம், அல்லது கடையில் விற்கும் மால்ட் பாகை நீரில் கரைக்கிறோம். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போடுகிறோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடுகிறது. கணக்காகச் சொன்னால், தின்ற சர்க்கரையின் எடையில் ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாகவும் பாதி வாயுவாகவும் போகிறது. இட்லி மாவு பொங்குவதும் இதே சங்கதிதான். அங்கே வாயுவை விடுவது பெரும்பாலும் பாக்டீரியா, இங்கே ஈஸ்ட், அதுதான் வித்தியாசம்.

ஒரு வாளி பீர் நொதிக்கும்போது வாளி வாளியாக வாயு வெளியேறுகிறது. மூடியில் செருகியிருக்கும் நீர்ப்பூட்டு (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத நீருள்ள சிறு குழாய்) வழியாக அது ராப்பகலாகக் களக் களக்கென்று போய்க்கொண்டே இருக்கும். அடைத்து வைக்காததால் பீரில் தங்குவது கொஞ்சம்தான். அதனால் நொதித்து முடிந்த பீரில் ஆல்கஹால் இருக்கும், கசப்பு இருக்கும், மணம் இருக்கும், நுரை மட்டும் இருக்காது.

அந்த நுரையை இரண்டு வழியில் கொண்டுவரலாம். ஒன்று, சிலிண்டரில் வாயு வாங்கி எஃகுப் பீப்பாயில் அழுத்தி ஏற்றுவது. பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன. அதற்குச் சாமான் செலவு அதிகம், இடமும் வேண்டும். இன்னொன்று பழைய வழி. பீரில் அளவாகக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் இறுக அடைத்துவிட்டால், பீரில் மிதக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையையும் தின்னும். இந்தத் தடவை வாயு தப்பிக்க வழியில்லை. போக இடமில்லாமல் பீருக்குள்ளேயே கரைகிறது. பார்வைக்குத் தெளிந்துவிட்ட பீரிலும் ஒரு மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கான ஈஸ்ட் செல்கள் இருப்பதால், முதல் தடவை செய்கிறவர்கள் புதிதாக ஈஸ்ட் சேர்க்கத் தேவையில்லை.

பாட்டிலில் அடைபட்ட பானம் தானாகப் பொங்கும் என்பது எப்போதோ தெரிந்த விஷயம். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் டீனாக, அதாவது தலைமைப் பாதிரியாக, இருந்த அலெக்ஸாண்டர் நோவெல் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 16ஆம் நூற்றாண்டில் அவர் மீன் பிடிக்கப் போன இடத்தில் ஏல் என்ற வகை பீரில் ஒரு பாட்டிலைப் புல்லுக்குள் மறந்துவிட்டு வந்தாராம். சில நாள் கழித்துப் போய்த் திறந்தால் துப்பாக்கி சுட்ட மாதிரி வெடித்துக்கொண்டு திறந்ததாம். நடந்ததோ கட்டியதோ, அந்தப் பாட்டிலுக்குள் என்ன ஆகியிருக்கும் என்பது இப்போது நமக்குப் புரிகிறது. சர்க்கரையை வேண்டுமென்றே சேர்க்கும் பழக்கமும் பழையதுதான். 1662 இல் கிறிஸ்டோபர் மெர்ரெட் என்ற மருத்துவர் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கொடுத்த கட்டுரையில், வைன் வியாபாரிகள் சர்க்கரையும் வெல்லப்பாகும் போட்டு வைனைத் துள்ள வைப்பதைக் குறித்திருக்கிறார்.

முடிந்துவிட்டதா?

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். முதல் நொதித்தல் முழுதாக முடியாமல் பாட்டிலில் அடைக்கக் கூடாது.

காரணம் எளிது. நாம் அளந்து போடும் சர்க்கரை எவ்வளவு வாயு தரும் என்று நமக்குத் தெரியும். மால்ட் சர்க்கரை தின்னப்படாமல் மிச்சம் இருந்தால் அதுவும் பாட்டிலுக்குள் வாயுவாக மாறும். அது நம் கணக்கில் இல்லாத வாயு. சாதாரண பாட்டில் பீர் அறை வெப்பத்தில் இருக்கும்போது அதன் உள்ளே இருக்கும் அழுத்தம், கார் டயரில் அடிக்கும் காற்றின் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கண்ணாடி அதைத் தாங்கும். இரண்டு மடங்கு ஆனால் தாங்குமா என்பது சொல்வதற்கில்லை. பாட்டில் வெடித்தால் கண்ணாடிச் சில்லு கத்தி மாதிரி பறக்கும். விளையாட்டான விஷயம் இல்லை.

நீர்ப்பூட்டில் குமிழி நின்றுவிட்டது, ஆகவே முடிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வாளியின் மூடி சரியாக இறுகாவிட்டால் வாயு பக்கவாட்டில் கசிந்து போகும். உள்ளே நொதித்தல் நடந்தாலும் குமிழி வராது. நொதித்தல் முடிந்த பிறகும், அறை சூடானால் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி வரும். நம்ப வேண்டியது ஹைட்ரோமீட்டரைத்தான். விலை அதிகமில்லாத ஒரு கண்ணாடிக் குழாய். கரைந்த சர்க்கரை அதிகமாக இருந்தால் உயர்ந்து மிதக்கும், குறையக் குறைய அமிழும். வெறும் தண்ணீரில் அது 1.000 காட்டும். தொடக்கத்தில் என் பீர் 1.045 காட்டியது. பத்தாம் நாள் 1.012, பன்னிரண்டாம் நாள் 1.010, பதினாலாம் நாளும் 1.010. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருந்து, அந்த எண்ணும் உங்கள் செய்முறையில் எதிர்பார்க்கச் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் அடைக்கலாம். 1.020 இல் போய் நின்றுவிட்டால் அது முடிவில்லை. ஈஸ்ட் குளிரில் சுருண்டு கிடக்கலாம். வாளியைக் கொஞ்சம் கதகதப்பான இடத்துக்கு மாற்றி, இன்னும் சில நாள் பாருங்கள்.

மூன்றாம் தசம இடத்தில் ஒரு எண் என்பது அற்பமாகத் தெரியும். ஆனால் அந்த ஒவ்வொரு எண்ணுக்கும் பாட்டிலுக்குள் பீரின் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி அளவு வாயு கூடுகிறது. 1.010 க்குப் போக வேண்டிய பீரை 1.016 இல் அவசரப்பட்டு அடைத்தால், சர்க்கரை போடாமலே மூன்று மடங்குக் கொள்ளளவு வாயு சேரும். அதன்மேல் நாம் போடும் சர்க்கரையின் வாயு. ஷாம்பெயினுக்கென்று கனமாக வார்த்த பாட்டில்தான் அதற்குத் தாங்கும்.

சர்க்கரைக் கணக்கு

மேலே கொள்ளளவு என்று சொன்னேன் அல்லவா, பீர் காய்ச்சுபவர்கள் நுரையை அளப்பதே அப்படித்தான். ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் அது ஒரு கொள்ளளவு. எடையில் ஏறக்குறைய 2 கிராம். ஆங்கிலேய பிட்டர் வகைக்கு 2 க்குக் கீழேயே போதும். பொதுவாக விற்கும் பாட்டில் பீர் 2.5 பக்கம். ஜெர்மனியின் கோதுமை பீர் 3.5 க்கும் மேலே போகும். அதனால்தான் அதன் நுரை கிளாஸைத் தாண்டி நிற்கிறது.

நான் செய்தது பேல் ஏல், குறி வைத்தது 2.2. நொதித்து முடிந்த பீர் முழுக்க வெறுமையாக இருப்பதில்லை. 20 டிகிரியில் நொதித்த பீரில் ஏற்கெனவே 0.86 அளவுக்கு வாயு கரைந்து நிற்கும். ஆக நான் கூட்ட வேண்டியது 1.34. எடையில் அது லிட்டருக்கு 2.6 கிராம் வாயு. சர்க்கரையில் பாதிக்குச் சற்று அதிகம்தான் வாயுவாக மாறும் என்பதால், லிட்டருக்கு 5 கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரை. என்னிடம் இருந்தது 21 லிட்டர், 105 கிராம். முழுக் கணக்கும் இவ்வளவுதான்.

சமையலறையில் இருக்கும் டிஜிட்டல் தராசு இதற்குப் போதும். கரண்டியால் அளக்காதீர்கள். தலைதட்டிய கரண்டிக்கும் குவித்த கரண்டிக்கும் உள்ள வித்தியாசம் நாற்பது பாட்டிலுக்குள் போய்ப் பெருகும். கடையில் டெக்ஸ்ட்ரோஸ் என்று விற்கும் குளுக்கோஸில் கொஞ்சம் ஈரம் சேர்ந்திருப்பதால் அது அதிகம் வேண்டும். 105 கிராமுக்குப் பதில் 122 கிராம். ருசியில் வித்தியாசம் தெரியாது. நாட்டுச் சர்க்கரை, தேன், பனங்கற்கண்டு எல்லாம் போடலாமா என்று என் நண்பர்கள் கேட்பார்கள். போடலாம், ஆனால் அவற்றில் எவ்வளவு ஈரம், எவ்வளவு நொதிக்கும் சர்க்கரை என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். முதல் தடவைக்கு வெள்ளைச் சர்க்கரையே நல்லது. இவ்வளவு சிறிய அளவில் அது ருசியைத் தொடாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. பீர் தெளியட்டும் என்று கடைசி இரண்டு நாள் வாளியைக் குளிர்ந்த இடத்தில் வைப்பவர்கள், ஏற்கெனவே கரைந்து நிற்கும் வாயுவைக் கணக்கிட அந்தக் குளிர் வெப்பநிலையை எடுக்கக் கூடாது. நொதித்தல் முடிந்த பிறகு பீர் எட்டிய அதிகபட்ச வெப்பநிலையைத்தான் எடுக்க வேண்டும். குளிர்ந்த பீரால் அதிக வாயுவைப் பிடித்து வைக்க முடியும், உண்மை. ஆனால் அந்த வாயு ஏற்கெனவே வெளியேறிவிட்டது, குளிர்ந்ததும் திரும்பி வராது.

அடைக்கும் நாள்

அடைக்கும் நாளில் முக்கால்வாசி நேரம் கழுவுவதில்தான் போகும். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கும் காய்ந்த கசடும் இருக்கிற பாட்டிலில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. முதலில் வெந்நீரும் பிரஷ்ஷும், விளக்கில் பிடித்து அடியைப் பார்ப்பதும். அப்புறம்தான் அலசத் தேவையில்லாத கிருமிநாசினி. பாட்டில், குழாய், மூடி, வாளி, கரண்டி, பீரைத் தொடும் எல்லாவற்றுக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு மட்டும் பாட்டிலில் மிச்சம் நிற்கக் கூடாது. அது நுரையைக் கொன்றுவிடும்.

பாட்டில்களைப் பொறுத்தவரை, கடையில் வாங்கிய பீரின் பழுப்புப் பாட்டில்களைச் சேர்த்து வைத்தால் போதும். திருகித் திறக்கும் வகை வேண்டாம். நெம்பித் திறக்கும் வகைதான் மூடிக்கு ஒத்துவரும். பழுப்புக்கும் காரணம் உண்டு. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றத்தைக் கிளப்பும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியை நன்றாகத் தடுக்கும், பச்சை கொஞ்சம்தான், வெள்ளை அறவே தடுக்காது. வைன் பாட்டில், ஊறுகாய் ஜாடி, அலங்காரத்துக்கு விற்கும் கண்ணாடி எதிலும் அடைக்காதீர்கள். அவை அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கழுத்தில் கீறலோ விளிம்பில் உடைசலோ உள்ளதைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

105 கிராம் சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்டேன். குழாய் பொருத்திய இரண்டாவது வாளியில் அதை ஊற்றி, அதன்மேல் பீரை ஒரு ரப்பர்க் குழாயால் மெல்ல இறக்கினேன். குழாயின் முனை வாளியின் அடியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேலிருந்து சலசலவென்று விழுந்தால் காற்றில் உள்ள ஆக்சிஜன் பீரில் கலந்து, சில வாரத்தில் ஈர அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை வரும். பழைய வாளியின் அடியில் படிந்த கசடை அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டு லிட்டர் பீர் அதோடு போகிறதே என்று சாய்த்து உறிஞ்சாதீர்கள்.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். பீர் சுழன்று விழும் வேகத்திலேயே சர்க்கரைப் பாகு கலந்துவிடும் என்று படித்ததை நம்பி, கலக்காமல் விட்டுவிட்டேன். பாகு கனமானது. அடியிலேயே தங்கியது. பாட்டிலில் நிரப்ப வாளியில் பொருத்திய குழாயும் அடியில்தானே இருக்கிறது. முதலில் நிரப்பிய பாட்டில்களுக்குச் சர்க்கரை அதிகம் போய், கடைசிப் பாட்டில்களுக்குக் குறைந்துவிட்டது. பிறகு திறந்து பார்த்தபோது முதல் எட்டு பாட்டில்கள் பொங்கி வழிந்தன, கடைசி ஐந்தும் சோர்ந்து கிடந்தன. அதிலிருந்து, கிருமி நீக்கிய நீளக் கரண்டியால் அலையெழாமல் எட்டு பத்து தடவை மெதுவாகக் கலக்குகிறேன். பாட்டில்களை நிரப்பும்போது பாதியில் ஒரு தடவையும் கலக்குவேன்.

நிரப்புவதற்கு, நுனியில் வால்வு உள்ள ஒரு குச்சிக் குழாய் கிடைக்கும். பாட்டிலின் அடியில் அழுத்தினால் பீர் ஓடும், தூக்கினால் நிற்கும். வாய் வரைக்கும் நிரப்பிவிட்டுக் குழாயை வெளியே எடுத்தால், அது இருந்த இடம் அளவுக்குப் பீர் இறங்கி ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வெற்றிடம் நிற்கும். அது வேண்டும். அப்புறம் மூடி. விளிம்பில் பல்பல்லாக இருக்கும் இந்தத் தகர மூடி பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் 1892 இல் காப்புரிமை பெற்றது. இன்றும் அதே வடிவம்தான். இரண்டு கைப்பிடி உள்ள மூடி அழுத்தியால் ஒரே சீராக அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் அந்த மூடியை எடுத்துவிட்டு வேறு போடுங்கள்.

நம் ஊரில் கோலி சோடா குடித்தவர்களுக்கு இந்த அழுத்தத்தை விளக்கத் தேவையில்லை. கோலியைக் கழுத்து வளையத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் வாயுதான், வேறு பூட்டு கிடையாது. அந்தப் பாட்டிலும் இங்கிருந்து வந்ததுதான். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872 இல் காப்புரிமை எடுத்தார். தகர மூடி வந்த பிறகு இங்கே அது மறைந்துவிட்டது, நம்மிடம் நிலைத்துவிட்டது.

ஒரே ஒரு பாட்டில் மட்டும் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். குளிர்பானம் வந்த அரை லிட்டர் பாட்டிலைக் கழுவி, அதில் நிரப்பி, பக்கங்களை நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகுங்கள். தினம் போய் அதை அழுத்திப் பார்க்கலாம். முதல் நாள் தொளதொளவென்று இருக்கும். மூன்றாம் நாள் நசுங்கிய பக்கம் நிமிரும். பத்தாம் நாள் கட்டை மாதிரி இறுகிவிடும். கண்ணாடிக்குள் நடப்பதை விரலால் தொட்டுத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நாலாம் நாள் பாட்டிலைத் திறக்கத் துடித்த எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஒரு பாட்டில் மிச்சமாகியிருக்கும்.

காத்திருக்கும் நாட்கள்

பாட்டில்களை நிற்க வைத்து, இருட்டில், 18 முதல் 24 டிகிரிக்குள் வையுங்கள். மூடியுள்ள அட்டைப்பெட்டியிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ வைத்தால், ஒன்று வெடித்தாலும் சில்லு வெளியே வராது. நேராகக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் ஏல் ஈஸ்ட் தூங்கிவிடும், சர்க்கரை சர்க்கரையாகவே கிடக்கும்.

இங்கே ஜனவரியில் மாடிப்படிக்கு அடியில் 14 டிகிரிதான். நான் இரண்டாவது தடவை காய்ச்சிய பீர் அங்கே மூன்று வாரம் இருந்தும் நுரை வரவில்லை. வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அலமாரிக்கு மாற்றி, ஒவ்வொரு பாட்டிலையும் மெல்லக் கவிழ்த்து அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கலைத்துவிட்டேன். பத்து நாளில் சரியாகிவிட்டது. நுரை வரவில்லை என்று கவலைப்படுபவர்களிடம் நான் முதலில் கேட்பதே அறை எத்தனை டிகிரி என்றுதான்.

20 டிகிரியில் இரண்டு வாரம் குறைந்தபட்சம், மூன்று வாரம் நல்லது. ஆல்கஹால் 8 சதவீதத்துக்கு மேல் உள்ள கனமான பீருக்கு மாதக்கணக்கில் ஆகும். வாயு ஏறுவது மட்டுமே இந்த நாட்களின் வேலை இல்லை. நாலாம் நாள் எனக்கு அடித்த பச்சை ஆப்பிள் வாசம் அசெட்டால்டிஹைடு. சர்க்கரை ஆல்கஹாலாக மாறும் வழியில் இடையில் உண்டாகும் பொருள் அது. ஈஸ்ட் நேரம் கிடைத்தால் அதையும் மாற்றி முடித்துவிடும். மூடும்போது கழுத்தில் மாட்டிய ஆக்சிஜனிலும் ஒரு பகுதியை அது இழுத்துக்கொள்ளும். ஆல்கஹாலும் கொஞ்சம் கூடும். என் அளவில் 0.3 சதவீதம். உயிருள்ள ஈஸ்ட்டோடு ஒரு பாட்டிலை அடைப்பதில் எனக்குப் பிடித்ததே இதுதான். பீர் உள்ளே சும்மா கிடப்பதில்லை, பதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பெல்ஜியத்தில் ஓர்வால் மடத்துத் துறவிகளின் பீரைப் புதிதாக ஒன்றும் ஒரு வருடம் கழித்து ஒன்றும் குடித்தால் இரண்டு வேறு பீர் என்றே தோன்றும்.

பிறகு இரண்டு மூன்று நாள் குளிர்பெட்டியில் நிற்க வையுங்கள். வாயு ஆழமாகக் கரையும், அடியில் ஈஸ்ட் இறுகிப் படியும். அவசரமாக ஒரு மணி நேரம் குளிர வைத்துத் திறந்தால் நுரை முரட்டுத்தனமாகப் பொங்கி, அடியில் கிடப்பதையும் இழுத்துக்கொண்டு வரும்.

எல்லாப் பாட்டிலும் பொங்கி வழிந்தால் ஒன்று சர்க்கரை அதிகம், அல்லது நொதித்தல் முடியவில்லை, அல்லது வேறு கிருமி புகுந்துவிட்டது. நாளாக ஆகப் பொங்குவது கூடிக்கொண்டே போய், கழுத்தில் ஒரு வெள்ளை வளையமும் தெரிந்து, புளிப்பும் அடித்தால் கிருமிதான். அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால், கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் குளிர வையுங்கள். குளிர்ந்தால் வாயு பீருக்குள் கரைந்து அழுத்தம் இறங்கும். அப்புறம் ஒவ்வொன்றாக, துணியைச் சுற்றி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி வாயுவை விடுங்கள்.

ஊற்றுவது

கிளாஸைச் சாய்த்து, ஒரே ஊற்றாக, பாட்டிலை இடையில் நிமிர்த்தாமல் ஊற்ற வேண்டும். நிமிர்த்தினால் உள்ளே அலையடித்து அடி கலங்கும். கடைசி ஒரு சென்டிமீட்டரில் மண்ணிறக் கசடு கழுத்தை நோக்கி நகர்வது தெரியும்போது நிறுத்திவிடுங்கள். அதைக் குடித்தாலும் தீங்கில்லை. ரொட்டி மாவு மணக்கும் ஈஸ்ட், அவ்வளவுதான். சிலருக்கு வயிற்றில் கொஞ்சம் வாயு சேரும்.

கசடை என்ன செய்வது என்பதில் ஊருக்கு ஊர் பழக்கம் வேறு. ஜெர்மனியில் கோதுமை பீர் ஊற்றுபவர் கடைசியில் பாட்டிலைச் சுழற்றி ஈஸ்ட்டை நுரைமேல் ஊற்றித்தான் கொடுப்பார். அந்தக் கலங்கல்தான் அதற்கு அழகு. அடிலெய்டில் தாமஸ் கூப்பர் 1862 இல் தொடங்கிய கூப்பர்ஸ் ஏலை, திறக்கும் முன் பாட்டிலை மேசையில் உருட்டிக் கலக்குபவர்கள் உண்டு. பர்ட்டன் நகரத்து வொர்த்திங்டன் வைட் ஷீல்டு பீருக்கு நேர் எதிர். அடி கலங்காமல் ஊற்றுவது பப்பில் வேலை செய்பவரின் கைத்திறனாக மதிக்கப்பட்டது. 1971 இல் தொடங்கிய, பீர் பிரியர்களின் காம்ரா இயக்கம் பீப்பாயில் உயிரோடு இருக்கும் ஏலுக்காகப் போராடியபோது, பாட்டிலுக்குள் நொதிக்கும் இத்தகைய பீரையும் அதே வரிசையில் சேர்த்தது. உங்கள் வீட்டு முதல் காய்ச்சலும் அந்த வகைதான். எனக்குத் தெளிவாக ஊற்றிக் குடிக்கப் பிடிக்கும், என் மனைவிக்குக் கலங்கலாக. ஒரு பாட்டிலை இரண்டு கிளாஸில் பங்கு போட அது வசதியாகவும் இருக்கிறது.

ஊற்றி முடித்த கையோடு பாட்டிலில் வெந்நீர் விட்டு மூன்று தடவை குலுக்கிக் கொட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது கசடு அப்படியே வந்துவிடும். ராத்திரி விட்டுக் காலையில் பார்த்தால் காய்ந்து பற்றியிருக்கும், அடுத்த காய்ச்சலுக்கு அடைக்கும் நாளில் ஒரு மணி நேரம் பிரஷ்ஷோடு நிற்க வேண்டிவரும்.